பாடாமல் விட்ட பாட்டு

முகாம் தலைவர்களுக்கு இருக்க வேண்டிய குணங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசியவர் பலகையில் எழுதிவிட்டே போயிருக்கிறார்: ஜெப வாழ்க்கை, நேரந்தவறாமை, கனிவு, நல்ல குரல். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நல்ல குரல் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டிய சாமான். நாற்பது வருடம் முகாம்களில் பாட்டு நடத்தியவள் சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. முகாம் ஊழியத்தைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கையில் பாதி இந்தத் திருவனந்தபுரத்திலேயே, எனக்கு இருபத்து நாலு வயது இருக்கும்போதே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டினேன். அது எப்படிப் போனது என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மகாராஜா ஆட்சி முடிந்து, நாட்டுக்குத் திரு-கொச்சி என்று பெயர் மாறியிருந்த காலம். தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்கள் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் எங்கே பார்த்தாலும் பேச்சு. நான் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒவ்வொரு கோடை லீவிலும் கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு பள்ளி வளாகத்தில் வாலிபப் பெண்களுக்கு முகாம் நடக்கும். சுடுமணல், கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரி மரங்கள், ஓலை வேய்ந்த ஒரு பெரிய கூடம், அதை ஒட்டிச் சமையல் கொட்டகை. டீச்சர்மாரும் நர்சு படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலும் மலையாளத்துப் பிள்ளைகள் மலையாளத்திலும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவோம், ராகம் ஒன்றுதானே.

முகாமை நடத்தியவரைப் பெரியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பட்டணத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றுக்கு வார்டன். அவரைப் பற்றி நான் இன்று குறை சொல்லப் போகிறேன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாமில் கக்கூஸ் கழுவும் முறை வந்தால் முதல் வாளி அவர் கையில்தான் இருக்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் படுக்கையைக் கொடுத்துவிட்டுத் தரையில் கிடப்பார். எல்லாரும் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் தட்டெடுப்பார். வேஷம் என்பது அவரிடம் ஒரு துளியும் கிடையாது.

அவருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கூட்டத்தில் ஏதாவது தர்மசங்கடம் ஆகிவிட்டால், யாராவது சாட்சி சொல்ல எழுந்து வார்த்தை வராமல் நின்றுவிட்டால், அல்லது கண்டதைச் சொல்லத் தொடங்கிவிட்டால், பெரியக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். உடனே நான் ஆர்மோனியத்தில் கை வைத்துப் பாட்டைத் தொடங்க வேண்டும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பாட்டு முடியும்போது சங்கடமும் முடிந்திருக்கும். எத்தனையோ கூட்டங்களை இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் முகாம்களிலும் இதைச் செய்கிறீர்கள், இப்போது கிடார் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எங்கள் முகாம்களின் உயிர்நாடி சரிக்கட்டுதல். உங்களில் சிலர் இந்த வார்த்தையையே கேட்டிருக்க மாட்டீர்கள். மனந்திரும்பினால் மட்டும் போதாது, யாருக்குத் தப்பு செய்தாயோ அவரிடம் நேரில் போய்ச் சொல்லிச் சரிக்கட்ட வேண்டும். டிக்கெட் இல்லாமல் ரயிலேறியவள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நிற்பாள். நாத்தனாரைப் பற்றிக் கோள் சொன்னவள் நாத்தனாரிடமே போய்ச் சொல்லி அடி வாங்கிக்கொண்டு வருவாள். வந்து மேடையேறிச் சாட்சி சொல்வார்கள், நாங்கள் அல்லேலூயா பாடுவோம். அது பொய்யான காரியமில்லை. பலபேர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஞானப்பூ என்று ஒரு பிள்ளை அந்த வருட முகாமுக்கு வந்திருந்தாள். விளவங்கோடு பக்கத்துக்காரி. அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனவர். அம்மா லேஸ் பின்னி இவளைப் படிக்க வைத்தார். பட்டணத்தில் ஒரு மானேஜ்மெண்ட் பள்ளியில், அதாவது ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் மேனேஜர் கையில் இருக்கிற தனியார் பள்ளியில், தமிழ் வகுப்புக்கு டீச்சராகி, அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல் சிரிப்பாள். அவள் சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்குவதைப் பார்த்தால்தான் தெரியும்.

சரிக்கட்டுதலைப் பற்றிப் பெரியக்கா பேசிய அன்று மத்தியானம், கொல்லாமரத்து நிழலில் ஞானப்பூ அவரிடம் வந்து அழுதாள். நான் பக்கத்தில் பாட்டுகளைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் டிரெயினிங்கில் கைத்தையல் பரீட்சை உண்டு, ஒரு குழந்தைச் சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சமயம் அவளுக்கு விரலில் நகச்சுற்று. சட்டையை அவள் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார்.

"அது அம்மைக்க தையலு அக்கா. எனக்க கையில்ல. பிள்ளியளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் குடுக்கும்போ எல்லாம் எனக்கு நெஞ்சு படபடான்னு அடிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியக்கா சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெருமை, யாருடைய பாரத்தையும் சின்னதென்று தள்ள மாட்டார். அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்க மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லீரு மக்ளே. அவரு நம்ம ஆளு, கர்த்தருக்குப் பயந்த மனுஷன். சொன்னா உனக்குப் பெரிய சமாதானம் கிட்டும்."

"பேடியா இருக்கு அக்கா." பயத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"என்னத்துக்குப் பேடி? கர்த்தர் உனக்க கூட வருவாரு."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் கோணலாகப் போனது. தையல் பரீட்சைக்கும் பள்ளி மேனேஜருக்கும் என்ன சம்பந்தம்? டிரெயினிங் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் காதைத் திருகி, முன்னால் உட்கார வைத்து, வேறு ஒரு சட்டை தைக்க வைத்திருப்பார். காரியம் அங்கேயே முடிந்திருக்கும். யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெரியக்கா ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன் வரிசையில் உட்காருகிறவர், அது போதுமென்று நினைத்துவிட்டார். இந்தத் தப்பை நம்மைப் போன்றவர்கள்தான் செய்வோம். வெளியே ஒரு கடைக்காரன் கூடச் செய்ய மாட்டான்.

முகாம் முடிந்தது. கடைசி ஆராதனையில் கட்டிப்பிடித்து அழுதோம். பெரியக்கா அடுத்த முகாமுக்கு மலைப் பக்கம் போனார். நான் என் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். ஞானப்பூ மேனேஜர் வீட்டுக்குப் போனாள்.

சில நாள் கழித்து அவள் என்னைத் தேடி வந்தாள். முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாம் நல்லா கேட்டாரு அக்கா. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொன்னாரு. பெறவு முழங்கால் போட்டு எனக்காக ஜெபம் பண்ணினாரு. எழும்பி, 'நான் மேல எழுதினா உனக்க சர்ட்டிபிக்கேட்டே போயிரும். நீயே ராஜினாமா எழுதித் தந்தா இதோட தீரும்'னு சொன்னாரு."

"நீ எழுதிக் குடுத்துட்டியா?"

"ஜெபம் பண்ணின ஆளில்லியா அக்கா. எனக்கு நல்லதுதான் சொல்லுவாருன்னு நினைச்சேன்."

பள்ளி திறந்தபோது அந்த இடத்தில் மேனேஜருடைய மருமகள் உட்கார்ந்திருந்தாள். டிரெயினிங் முடித்து, இடமில்லாமல் வீட்டில் இருந்த பெண்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். ஞானப்பூ வேறு பள்ளிகளில் ஏறி இறங்கினாள். பழைய வேலையை ஏன் விட்டாய் என்றுதான் எல்லா இடத்திலும் முதலில் கேட்பார்கள். வீட்டில் கஷ்டம், உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்கிற ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவள்தான் சரிக்கட்டியவள் ஆயிற்றே, பொய் சொல்ல மாட்டாள். சட்டைக் கதையை அப்படியே சொல்வாள். தமிழ் வகுப்புகள் இருக்குமா போகுமா என்று தெரியாத அந்தக் காலத்தில், ஒரு மேனேஜருக்கு வேண்டாம் என்று சொல்ல இதைவிடச் சின்னக் காரணமே போதும். நாங்கள் கற்றுக்கொடுத்த உண்மை அவளுக்கு எல்லாக் கதவையும் சாத்திவிட்டது.

பெரியக்கா மலையிலிருந்து திரும்பியதும் அவளை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாதி கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் வேற வழி திறப்பாரு மக்ளே, பொறுமையா இரு" என்றார். நீங்கள் ஒரு தடவை மேனேஜரைப் பார்த்துப் பேசக் கூடாதா என்று நான் கேட்டேன். "நம்ம சபைக்குள்ள ஒரு வழக்கை உண்டாக்கவா சொல்லுத?" என்றார். அன்று மாலை அவருக்கு வேறொரு கூட்டம் இருந்தது. ஞானப்பூவுக்கு ஒரு பழைய சேலையும் கொஞ்சம் அரிசியும் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த கோடை வந்தது. சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். ஞானப்பூவே வந்து, "கேம்புக்கு சமையலுக்கு ஆளு வேணுமில்லா? நான் வாறேன், கூலி தந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். முந்தின வருடம் பாயில் உட்கார்ந்து பாடியவள் இந்த வருடம் கொட்டகையில் தேங்காய் துருவினாள். கூட இருந்த பிள்ளைகள் சிலர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள்.

பெரியக்கா அந்த முறை இன்னொரு முகாமிலிருந்து நேராக வந்து, கால் கழுவியதும் மேடையேறிவிட்டார். கொட்டகையில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பேச்சு சரிக்கட்டுதலைப் பற்றி. கூடத்தில் அப்படி ஓர் அமைதி. அப்போது சொன்னார்: "போன வருஷம் இதே கேம்புல ஒரு தங்கச்சி. சின்ன காரியந்தான், ஆனா மனசைக் குத்திச்சு. போய்ச் சொல்லிட்டா. இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு இருக்கிற சமாதானம் ராஜாக்கமாருக்கும் கிடையாது, கேட்டியளா?"

கொட்டகையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

ஞானப்பூ வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பிள்ளை நாந்தான். மிச்சத்தையும் சொல்லுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. பெரியக்கா அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றினார்.

என் கை ஆர்மோனியத்தின் மேல்தான் இருந்தது. என்ன பாட்டு என்பது கூட மனதில் வந்துவிட்டது, அவ்வளவு பழக்கம். ஒரு கட்டையை அழுத்தினால் போதும், நூறு பெண்கள் எழுந்து நின்று பாடுவார்கள், அந்தப் பாட்டுக்குள் ஞானப்பூ காணாமல் போவாள். நான் அழுத்தவில்லை. தைரியம் என்று உங்களிடம் பெருமையடிக்க ஆசைதான். தைரியம் இல்லை, கோபம். யார் மேல் என்று கூடத் தெரியாத கோபம். துருத்தியை விட்டுவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் ஊழியத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால், அந்தப் பாட்டைப் பாடாமல் இருந்ததுதான்.

பெரியக்கா இன்னும் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மிச்சம் எனக்குத் தெரியாது மக்ளே" என்றார். "நான் கேக்கல்ல."

ஞானப்பூவே சொன்னாள். முழங்காலையும் ஜெபத்தையும் ராஜினாமாவையும் மருமகளையும். தங்கைகளில் மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டு அண்டி ஆபீசுக்கு, அதுதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கு, வேலைக்குப் போவதையும் சொன்னாள். யாரையும் குற்றம் சாட்டவில்லை. விட்டுப்போன வரியை எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். "அடுப்புல சோறு கிடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூட்டம் அதோடு கலைந்தது, யாரும் ஜெபம் பண்ணிக் கூட முடிக்கவில்லை. மத்தியானம் எங்களுக்கெல்லாம் அவள்தான் பரிமாறினாள். பெரியக்கா தட்டு எடுக்கவே வரவில்லை.

மறுநாள் காலையில் பெரியக்கா பஸ் ஏறி மேனேஜரைப் பார்க்கப் போனார். ஒரு வருடம் தாமதமாக, ஆனாலும் போனார். திரும்பி வந்தபோது நான் கிணற்றடியில் இருந்தேன். என் பக்கத்தில் வந்து கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"என்ன ஆச்சு அக்கா?"

"சாயா தந்தாரு. நல்ல மரியாதை." வாளித் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார். "பெறவு முழங்கால் போட்டாரு மக்ளே. எனக்காகவும் ஜெபம் பண்ணினாரு."

அவ்வளவுதான். வேலை போனது போனதுதான். அந்த முகாமுக்குப் பிறகு பெரியக்கா மேடையேறவில்லை. ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்டு, யாரோடும் அதிகம் பேசாமல் இருந்து, சில வருடத்தில் இறந்தும் போனார். முகாம்களை என் தலையில் கட்டினார்கள். நான் முதல் வருடமே கமிட்டியில் சொன்னேன்: சரிக்கட்டச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினால், அனுப்புகிறவள் கூடப் போக வேண்டும், வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கிற வரை அந்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும், முடியாதென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆமாம் ஆமாம் என்றார்கள். அடுத்த வருடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டார்கள், அதுதான் சுலபம். பிறகு விளையாட்டும் நாடகமும் வந்தன. நாற்பது வருடம் கத்திப் பார்த்துவிட்டேன். மேடையில் அழுகிற பிள்ளையைச் சுற்றி நிற்கத் தலைவர்கள் நிறையக் கிடைப்பார்கள். முகாம் முடிந்த திங்கட்கிழமைக்கு ஆள் கிடைக்காது. உங்களைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஞானப்பூவைக் கடைசியாகப் பார்த்தது கிழக்கேகோட்டையில், பஸ் நிற்கிற இடத்தில். தமிழ்த் தாலுகாக்கள் மதராஸ் பக்கம் சேர்ந்துவிட்ட சமயம். அவள் அம்மாவோடு ஊருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. சாலை பஜாரில் ஒரு கடைக்குக் குழந்தைச் சட்டை தைத்துக் கொடுக்கிறாளாம், மீதியை ஊரில் இருந்து தைத்து அனுப்ப வேண்டுமாம்.

"இப்ப எனக்க கைதான் அக்கா" என்று சொல்லி, தோள் குலுங்கச் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பஸ் கிளம்பப் போகிறது, இனிமேல் பார்ப்போமோ என்னவோ என்று, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டுவிட்டேன். அன்று போய்ச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா?

அவள் மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"சொன்னதுல எனக்குச் சங்கடமில்ல அக்கா. சொல்லணும்னுதான் தோணிச்சு, சொன்னேன்." பஸ்ஸில் ஏறிய அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "உள்ள போறதுக்கு முன்ன, மேனேஜர் வீட்டு கேட் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னேன். கேம்புல அவ்வளவு பேரு கட்டிப்பிடிச்சு அழுதியள் இல்லியா. ஆராவது ஒரு ஆளு வருவியளுன்னு நினைச்சேன்."